எந்தப் பைப்பைத் திறப்பது

பாய் வீட்டு மீன் குளத்தின் அடியில் ஓட்டை போட ஓர் ஆள் தேவைப்பட்டது. ஜித்ராவில் ஒரு மீன் பண்ணையில் இருந்தபோது அந்த வேலையைச் செய்திருக்கிறேன் என்று கடையில் யாரிடமோ நான் சொல்லியிருந்தேன். செய்திருக்கிறேன் என்றால், செய்தவர்களுக்குப் பக்கத்தில் நின்று மண் அள்ளிக் கொடுத்திருக்கிறேன். பாய்க்கு அது போதுமாக இருந்தது.

அப்போது பாக்கார் ஆராங் என்ற ஊரில் அவருடைய சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் கோலா கெடாவில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றினேன். அதற்கும் முன் லோரியில் சுற்றினேன். பிறந்தது எஸ்டேட். இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஓர் இடத்தில் வருஷம் திரும்பினால் எனக்குக் கால் அரிக்கும். அந்தக் கடையிலும் அரிக்கத் தொடங்கிய சமயத்தில்தான் பாயின் மனைவி கழுவுகிற இடத்துக்கு வந்து, "தம்பி, ஒங்களுக்கு மீன் கொளத்து வேல தெரியுமாமே?" என்று கேட்டார்.

பாய்க்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்திருந்தது. அடுப்பு முன்னால் நிற்கக்கூடாது, கனமாக எதையும் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கடையை மகன்கள் எடுத்துக்கொண்டார்கள். மீசை முளைக்காத வயதிலிருந்து ரொட்டி வீசிய மனிதர், வீட்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அங்கே பார்ப்பதற்கு இருந்தது அந்தக் குளம் ஒன்றுதான்.

மார்பளவு ஆழம். பாதி தரைக்குள், பாதி தரைக்கு மேலே. கட்டியவன் அடியில் வடிகால் வைக்கவில்லை. கோய் மீன் சும்மா இருக்காது, தின்றுகொண்டே இருக்கும், போட்டுக்கொண்டே இருக்கும். அதெல்லாம் அடியில் சேறாகப் படிந்தது. மேல் தண்ணீரை எத்தனை தடவை மாற்றினாலும் அந்தச் சேறு அசையவில்லை. வெயில் ஏறினால் அதிலிருந்து குமிழி கிளம்பும், கூடவே அழுகின முட்டை வாடை வரும். மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. புதிதாக வாங்கி விட்டவையும் செத்தன.

வேலை தொடங்கும் முன்பே அக்கா பின்வாசலில் நின்று கணவரிடம் என் எதிரில் சொன்னார்.

"இதுதான் கடேசி. ஓட்ட போடுறதோ ஒட்டு போடுறதோ, என்னாவோ பண்ணிக்குங்க. இனிமே ஒரு மீனு செத்து மெதந்துச்சு, மண்ணக் கொட்டி மூடிருவேன். துணி காயப்போட எடமாச்சும் கெடைக்கும்."

"ஒன்னும் சாவாது," என்றார் பாய்.

"செத்துச்சுன்னா?"

"செத்துச்சுன்னா மூடிக்கலா. சொன்ன சொல்லு."

பாய் உள்ளே போனதும் அக்கா குரலைத் தாழ்த்தினார். "ஒவ்வொன்னு செத்தப்பவும் இவரு ஒரு வா சோறு எறக்கல தம்பி. மாத்தரய வெறும் வயித்துல முழுங்குறாரு. மீனுக்காவ இவரப் பறிகொடுத்துட்டு நான் நிக்க முடியாது."

குளத்தை மூடிவிட்டால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் எதைப் பார்ப்பார் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. அது அந்த அக்காவுக்கும் தெரியாமலா இருக்கும்.

கூரை நீட்டத்துக்குக் கீழே நீலக் கேன்வாஸ் தொட்டி ஒன்றை விரித்து மீன்களை அதற்கு மாற்றினோம். காற்றுக் குமிழி விடுகிற மெஷின் இரண்டு போட்டோம். பாய் தன் நாற்காலியைத் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டார். மீன்களில் பெரியது வெள்ளை, உச்சியில் மட்டும் சிவப்பு வட்டம். பாய் அதைத் தொப்பிக்காரர் என்பார். "தொப்பிக்காரர் எடம் மாறுனதுல கோவமா இருக்காரு," என்று எனக்குச் செய்தி வாசிப்பார்.

குளத்துத் தரையில் நடுவிலிருந்து பின்சுவர்வரை கிரைண்டரால் இரண்டு கோடு இழுத்து, இடையில் இருந்ததை உடைத்தேன். அதுவரை பயம் இல்லை. சுவருக்கு வந்ததும் பயம் வந்தது. குழாய் சுவரைத் தாண்டி வெளியே ஒரு குழிக்குப் போக வேண்டும். சுவரில் துளை போட்டால் ஒழுகும். அதனால் சுவருக்குக் கீழே, அது உட்கார்ந்திருக்கும் மண்ணைத்தான் குடைய வேண்டும். குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டு, செம்மண்ணைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். தலைக்கு மேலே சுவர். ஒரு கைப்பிடி மண் வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டேன்.

மதியத்துக்கு மேல் சுவரில் மயிரிழையாக ஒரு விரிசல் தெரிந்தது. நான் பார்ப்பதற்கு முன் பாய் பார்த்துவிட்டார்.

"தம்பி, செவரு என்னமோ பேசுது."

விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு கிழித்தேன். விரிசல் கோட்டைத் தாண்டினால் வேலையை விட்டுவிட்டு மண்ணைத் திரும்ப அடைக்க வேண்டும். பாய் குனிந்து அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தோண்டினேன். "தாண்டல," என்பார் அவர். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "தாண்டல." வாசலில் அக்கா வந்து நின்றபோது மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை, சுவரில் சாய்ந்து முதுகால் கோட்டை மறைத்துக்கொண்டார். விரிசல் கடைசிவரை கோட்டைத் தாண்டவில்லை.

வடிகால் என்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. குளத்துத் தரையின் நடுவில் ஒரு கிண்ணம். அதன் மேலே குடை மாதிரி ஒரு மூடி, சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி. கிண்ணத்திலிருந்து நாலு அங்குலக் குழாய் சுவருக்கடியில் போய், பின்னால் உள்ள குழிக்குள் மேல் பார்த்துத் திரும்பும். அந்த வாயில் இன்னொரு குழாயைப் பசை போடாமல் செருகி நிறுத்துவோம். அது குளத்துத் தண்ணீர் மட்டத்தைவிட உயரம். அது நிற்கும்வரை தண்ணீர் வழியாது. பிடுங்கினால் குளம் தன் அடியில் இருக்கும் அழுக்கையெல்லாம் ஒரே தள்ளாகக் குழிக்குத் தள்ளும், குழியிலிருந்து அது லொங்காங்குக்கு, வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடைக்கு, போய்விடும்.

வெறும் குளத்தில் நின்று இதைப் பாய்க்கு விளக்கினேன். "அழுக்கு போவணும்னா இந்த பைப்பத் தொறக்கணும் பாய்."

"அவ்வளோதானா?"

"அவ்வளோதான்லா. ஆனா நீங்க தொறக்கக் கூடாது. கனம்."

கிண்ணத்தை நோக்கிச் சரிவாகச் சிமெண்ட் பூசினேன். காய்ந்ததும் மேலே தண்ணீர் தாங்கும் பூச்சு அடித்தேன். புதுச் சிமெண்ட் மீனைச் சுட்டுவிடும் என்று பண்ணையில் தெரிந்துகொண்டிருந்ததால், தண்ணீர் நிரப்பி ஊறவிட்டு, இறைத்து வெளியே ஊற்றி, மறுபடியும் நிரப்பினேன். இரண்டாவது தடவை நிரப்பிக்கொண்டிருக்கும்போது, தொடை அளவு ஏறியதும், குழாயில் வந்த தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றது.

எங்கேயோ பெரிய குழாய் வெடித்துவிட்டது என்று எல்லார் போனிலும் செய்தி வந்தது. தண்ணீர் எப்போது வரும் என்று அதில் இல்லை. கூரைத் தொட்டியில் இருந்த தண்ணீர் சமையலுக்கும் தொழுகைக்குக் கைகால் கழுவவும்தான். அக்கா அதற்கும் ஒரு வாளியை வைத்து அளந்துகொண்டிருந்தார்.

கேன்வாஸ் தொட்டியில் மீன்கள் இருக்க வேண்டியதைவிட அதிக நாள் இருந்துவிட்டன. தண்ணீர் மஞ்சளாகி, கையை விட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. தீனி போடுவதை நிறுத்தியிருந்தோம். அன்று வெயில் ஏறியபோது பாய் என்னைக் கூப்பிட்டார். அவருடைய குரலில் விளையாட்டு இல்லை.

"தம்பி, தொப்பிக்காரர் மேல வந்துட்டாரு."

அது மட்டும் இல்லை. எல்லா மீன்களும் மேலே வந்து வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி நீட்டி மூடின. காற்று மெஷின் பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றன.

புதுக் குளத்தில் இருந்த தண்ணீர் மீனைத் தாங்குமா என்று அறிய, கடையில் விற்கும் சின்ன மீன்கள் கொஞ்சம் வாங்கி முதல் நாளே அதில் விட்டிருந்தேன். அவை நன்றாகத் திரிந்தன. தொடை அளவு தண்ணீர் போதாது. ஆனால் கேன்வாஸில் விட்டால் சாயங்காலத்துக்குள் மிதக்கும். பாய் என் முகத்தைப் பார்த்தார். நான் வலையை எடுத்தேன். அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒவ்வொன்றாக மாற்றினோம். முதலில் மூலையில் ஒதுங்கின. பிறகு தரைக்கு இறங்கி, வாயால் அதை முகர்ந்து பார்த்துக்கொண்டு நடுவுக்கு வந்தன. தொப்பிக்காரர் வடிகால் மூடியை ஒரு சுற்று சுற்றினார். பாய் நெடுநேரத்துக்குப் பிறகு முதுகை நாற்காலியில் சாய்த்தார்.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்திருந்த நேரம். நான் முன்வாசலில், கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மீட்டரைப் பார்க்கப் போயிருந்தேன். மீட்டர் முள் துடித்தது. குழாயில் கையை வைத்தேன், உள்ளே காற்று சீறியது. தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுப் பக்கச் சந்தில் வாயை வைத்துப் பின்பக்கத்துக்குக் கத்தினேன்.

"பாய்! தண்ணி வந்துருச்சு! பைப்பத் தொறங்க!"

எங்கள் பேச்சில் லைட்டைத் திறப்போம், காற்றாடியைத் திறப்போம், காலில் போட்ட சப்பாத்தையும் திறப்போம். மலாய்க்காரர் எல்லாவற்றுக்கும் 'புக்கா' என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள், நாங்களும் அதற்குப் பழகிவிட்டோம். தண்ணீர் பிடிக்கிற குழாயும் பைப், செருகி நிற்கிற குழாயும் பைப். நான் சொன்னது சுவரோரம் ரப்பர்க் குழாய் மாட்டியிருந்த பைப்பை. இத்தனை நாள் எதையும் தொடக்கூடாது என்று உட்கார வைக்கப்பட்டிருந்த மனிதருக்கு, முதல் தடவையாக ஒரு வேலை சொல்லப்பட்டது. அவர் நேரே குழிக்குப் போனார்.

முதலில் எனக்குக் கேட்டது சத்தம்தான். ரப்பர்க் குழாயில் தண்ணீர் வருகிற சத்தம் அப்படி இருக்காது. லொங்காங்கில் மழை வெள்ளம் விழுகிற மாதிரி இருந்தது. சந்து வழியே ஓடினேன்.

பாய் குழியோரம் நனைந்துபோய் நின்றார். செருகியிருந்த குழாய் அவர் இரண்டு கையிலும் இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"தொறந்துட்டேன் தம்பி!"

"அய்யோ பாய், அந்த பைப் இல்ல!"

"நீதானப்பா தொறக்கச் சொன்ன?"

குழாயை அவர் கையிலிருந்து பிடுங்கிக் குழிக்குள் இருந்த வாயில் செருகப் பார்த்தேன். அடியிலிருந்து வந்த தண்ணீர் அதைத் தூக்கி எறிந்தது. உடம்பின் கனத்தையெல்லாம் போட்டு அழுத்தினேன். கோணலாக இறங்கி, வாயின் விளிம்பு பட்டென்று உடைந்தது. இனி செருகினாலும் நிற்காது. திரும்பிக் குளத்தைப் பார்த்தேன். முட்டிக்குக் கீழே போய்விட்டது. மீன்களின் முதுகுகள் வெளியே தெரிந்தன.

குளத்துக்குள் குதித்தேன். குடை மூடியைத் திருகிப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஓட்டையின் மேல் குதிகாலை வைத்தேன். அது என் காலை உள்ளே இழுத்தது. அவ்வளவு பலமாக இழுக்கும் என்று நான் நினைக்கவில்லை. சதை குழாய்க்குள் போவது மாதிரி வலித்தது. ஆனாலும் குதிகாலின் ஓரத்தில் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்தது. மீன்கள் என் கெண்டைக்காலில் அடித்துக்கொண்டு துள்ளின.

"அக்கா! தட்டு! கடைத் தட்டு ஒன்னு எடுங்க!"

அக்கா வாசலுக்கு ஓடி வந்தார். ஆனால் அவர் பார்த்தது என்னை இல்லை. பாய் குழியோரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார், ஒரு கை நெஞ்சில் இருந்தது. அக்கா "யா அல்லா" என்று அவரிடம் போனார்.

"எனக்கு ஒன்னுமில்ல," என்றார் பாய். மூச்சு வாங்கியது. "மேல்மூச்சுதான். தட்டக் குடு போ."

அக்கா நகரவில்லை. அவர் முகத்தையே பார்த்தார்.

"போடீ! அங்க செத்துக்கிட்டு இருக்கு!"

அக்கா உள்ளே போனார். ஆரஞ்சு நிறத் தட்டோடு திரும்பி வந்தார். எனக்குக் கை எட்டவில்லை, காலை எடுக்கவும் முடியவில்லை. அவர் கைலியை முட்டிக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரில் காலைப் போட்டுக் குளத்துக்குள் இறங்கினார்.

"கால எடுத்ததும் கவுத்து வைங்கக்கா. வெரல எடுத்துருங்க, இழுத்துரும்."

"எடுங்க."

காலைப் பிடுங்கினேன். அவர் தட்டை வைத்தார். தண்ணீர் அவர் கையிலிருந்து அதைப் பறித்து, டப்பென்று ஓட்டையில் ஒட்டவைத்தது. லொங்காங்கில் சத்தம் நின்றது. அதற்குப் பிறகு மீன்கள் வாலால் சிமெண்டை அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. பெரிய மீன்கள் எல்லாம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன.

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இப்ப எந்த பைப்பத் தொறக்கணும்னு தெளிவாச் சொல்லுங்க."

நொண்டிக்கொண்டு போய்ச் சுவரோரப் பைப்பைத் திறந்தேன். செங்காவி நிறத்தில் வந்தது. தண்ணீர் நின்று வரும்போது முதலில் அப்படித்தான் வரும், பெரிய குழாயின் துருவும் மண்ணும் சேர்ந்து. அதைக் குளத்தில் விட முடியாது. ரப்பர்க் குழாயின் நுனியை லொங்காங்கில் போட்டுவிட்டு, தண்ணீர் தெளிவதற்குக் காத்திருந்தேன். அதைவிட நீளமான காத்திருப்பு என் வாழ்க்கையில் இருந்ததில்லை. அக்கா குளத்துக்குள் குந்தி உட்கார்ந்து, சாய்ந்து கிடந்த மீன்களின் மேல் கையால் தண்ணீரை அள்ளி அள்ளி விட்டார். தொப்பிக்காரரின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மெல்ல," என்றார் பாய் தரையிலிருந்து. "கழுத்தப் புடிக்காத."

"மீனுக்கு ஏதுங்க கழுத்து? பேசாம மூச்சு விடுங்க."

கடைசியில் தெளிந்தது. குளோரின் போக்குகிற மருந்தைக் கலந்து குளத்தில் விட்டேன். பொழுது சாய்ந்து மக்ரிப் நேரம் வருவதற்குள் முட்டி அளவு ஏறியது. மீன்கள் நிமிர்ந்தன. பாயின் மூத்த மகன் காடியை ஓட்டிக்கொண்டு வந்து அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஒன்றும் இல்லை, ஓய்வு எடுக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

காலையில் நான் போனபோது பாய் நாற்காலியில் இருந்தார். அவர் காலடியில், விரித்த செய்தித்தாளில், மஞ்சள் மீன் ஒன்று கிடந்தது. தொப்பிக்காரர் இல்லை, அதைவிடச் சின்னது. விடியும் முன் சுபுஹு தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது மிதந்ததாம். பக்கத்தில் வைத்திருந்த தேநீர் ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது.

அக்கா வாசலுக்கு வந்ததும் அவர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "சொன்ன சொல்லு. ஆளக் கூப்புட்டு மண்ணக் கொட்டச் சொல்லிக்க."

நான் என் சாமான்களை எடுக்கலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் நின்றேன். அக்கா இறங்கி வந்து மீனைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது எதால செத்துச்சு?"

குனிந்து திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்கச் செதிள் உரிந்திருந்தது. "தண்ணி எறங்குனப்ப சிமெண்ட்ல அடிச்சுக்கிருச்சுக்கா."

"சேத்தால இல்லியே? தண்ணி கெட்டு இல்லியே?"

"இல்லக்கா."

"அப்ப இது நான் சொன்னதுல சேராது." கணவர் பக்கம் திரும்பினார். "கொளம் மீனக் கொன்னா கொளத்த மூடுறேன்னேன். இத ஒங்க காது கொன்னுச்சு. மூடணும்னா அதத்தான் சிமெண்ட் வச்சு மூடணும்."

பாய் நிமிர்ந்தார். "காதுக்கு என்னாடி கொற? நல்லாத்தான் கேட்டுச்சு. ரெண்டுக்கும் ஒரே பேர வச்சா மனுசன் என்னா பண்ணுவான்? இவன் பைப்புன்னான், எனக்கு இவன் காட்டித் தந்த பைப்புதான் தெரியும்!"

"அப்ப அதுக்கு வேற பேரு வைங்க."

"கொம்பு."

"கொம்பு ஆட்டுக்கு இருக்குறது."

பாய் யோசித்தார். "ஒலக்க."

"ஆங். ஒலக்க. அத நீங்க தொடக் கூடாது. நான்தான் புடுங்குவேன்."

அன்று குழியில் உடைந்த வாயை அறுத்தெடுத்து, புதியதை ஒட்டி, உலக்கையைச் செருகினேன். உலக்கை வழியாகத் தண்ணீரை ஊற்றி நிரப்பியதும், அடியில் ஒட்டியிருந்த தட்டு தானாகவே விட்டுக்கொண்டது. குடை மூடியைத் திரும்பப் பொருத்தினேன். மஞ்சள் மீனை அக்கா வாழைமரத்தடியில் புதைத்தார். இரண்டு நாளில் குளம் மார்பளவுக்கு வந்தது.

முதல் தடவை திறந்தபோது, இல்லை, பிடுங்கியபோது, சுவரோரப் பைப் மூடியிருக்கிறதா என்று பாய் ரெண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அக்கா குழியோரம் நின்று, "பிஸ்மில்லா" சொல்லி, உலக்கையை இரண்டு கையாலும் உருவினார். தண்ணீர் கருப்பாக எகிறி வந்தது. வாடை முகத்தில் அறைந்தது. அக்கா முக்காட்டு நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டார், ஆனால் தள்ளிப் போகவில்லை.

"இவ்வளவும் அதுங்க வயித்துக்குக் கீழயா கெடந்துச்சு," என்றார்.

"ரெண்டு நாளுதான்லா ஆச்சு," என்றார் பாய். "இத்தன வருசம் கெடந்தத நெனச்சுப் பாரு."

கருப்பு பழுப்பாகி, பழுப்பு வெளுத்தது. போதும் என்றேன். அக்கா இன்னும் கொஞ்ச நேரம் விட்டார். பிறகு உலக்கையைக் குழாய் வாயில் வைத்து, உடம்பைச் சாய்த்து அழுத்தி, ஒரு திருகு திருகினார். சத்தம் நின்றது. கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, என்னிடம் இல்லை, பாயிடம் கேட்டார்:

"அடுத்தது எப்பப் புடுங்கணும்?"